கத்தரிக்காய் 0.42: அலர்ஜி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கிராமம். வயது 34. வீட்டில் இருந்தபடி மல்லிகைப் பூ கட்டிக் கொடுக்கிறேன். ஆறு வருடமாகக் காலையில் எழுந்ததும் இருபது, முப்பது தும்மல். மூக்கில் தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும். ஒன்பது மணிக்கு மேல் தணிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ரொம்ப அதிகம். எப்போதாவது காணாக்கடியும் வரும். ஒரு லேபில் அலர்ஜி பேக்கேஜ் எடுத்ததில் மொத்த ஐஜிஇ (அலர்ஜியோடு தொடர்புடைய எதிர்ப்புப் புரதம்) 840. டஸ்ட் மைட் (தூசி உண்ணி) 38, கரப்பான்பூச்சி 4.1, இறால் 0.9, துவரம் பருப்பு 0.5, கத்தரிக்காய் 0.42, அப்புறம் கோதுமை, பால், தக்காளி, வாழைப்பழம் என்று 27 பொருள் பாசிட்டிவ். எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. கஞ்சியும் மிளகு ரசமும்தான் சாப்பாடு. ஆறு கிலோ இறங்கிவிட்டேன், தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது. பூக்கட்டுவதை விடச் சொல்கிறார்கள். தடுப்பூசி போட்டால் தீரும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம். நிறுத்துவதற்கு முன்பு பருப்பும் பாலும் கோதுமையும் கத்தரிக்காயும் வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கியதா, வாய் அரித்ததா, தொண்டை அடைத்ததா, வாந்தி வந்ததா? அந்த உணவைத் தொடும்போதெல்லாம் அப்படி நடந்ததா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. உணவு அலர்ஜிக்கான முதல் சாட்சியே இந்தக் கேள்விகளுக்கான பதில்தான். அது இல்லாதபோது 0.42 என்ற எண் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. மூன்று மாதப் பத்தியத்துக்கு உங்கள் தும்மல் மசியாததும் அதையேதான் சொல்கிறது.

எண்கள் ஏன் அப்படி வந்தன? ரிப்போர்ட்டில் 0.35க்கு மேல் எது வந்தாலும் பாசிட்டிவ் என்று அச்சாகும். அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ ரத்தத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். சாப்பிட்டால் உடம்பு எதிர்க்கும் என்ற பொருள் அதற்குக் கிடையாது. எண் கூடக் கூட உண்மையான அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவே. வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது.

உங்கள் பட்டியலில் இறால் 0.9 வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் டஸ்ட் மைட்தான். டஸ்ட் மைட், கரப்பான், இறால் மூன்றின் உடம்பிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே சாயல் புரதம் இருக்கிறது. மைட்டுக்கு எதிராக உண்டான ஐஜிஇ இறாலையும் உறவுக்காரன் என்று நினைத்து ஒட்டிக்கொள்ளும். இதுவரை இறால் சாப்பிட்டு வாய்கூட அரிக்கவில்லை என்றால் அந்த எண்ணை விட்டுவிடலாம். பருப்பு, கத்தரிக்காய், தக்காளி, கோதுமை, வாழைப்பழம் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் 0.4, 0.5 என்று வந்தால் சந்தேகிக்க வேண்டியது வேறு. செடிகொடிகளின் புரதங்களில் பொதுவாக ஒட்டியிருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி உண்டு. அதற்கு எதிரான ஐஜிஇ சிலருக்கு இருக்கும். அது உடம்பில் தொந்தரவு செய்வது அபூர்வம், ஆனால் சோதனைக் குழாயில் காய்கறிக் கடையையே பாசிட்டிவ் ஆக்கிவிடும்.

மொத்த ஐஜிஇ 840 என்றதும் பலர் பயந்துபோகிறார்கள். குடற்புழு இருந்தாலே அது ஏறும். வெறுங்காலோடு வயலில் நடக்கும் ஊர்களில் கொக்கிப்புழு புதிதல்ல. மலப் பரிசோதனை செய்து, தேவையென்றால் மருத்துவர் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுப்பார். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் அது கூடாது. ‘எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு’ என்று நம் பக்கத்தில் சொல்லிக்கொள்வதும் இதே கதைதான். ஈசினோஃபில் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வெள்ளையணு. அலர்ஜி, ஆஸ்துமா, புழு, சில மருந்துகள் என எதனாலும் அதன் எண்ணிக்கை கூடும். எதனால் கூடியது என்று தேடாமல் வருடக்கணக்கில் அந்தப் பெயருக்கு மாத்திரை விழுங்குவதில் பயனில்லை. இன்னொன்று, ‘உணவு ஒத்துக்கொள்ளாமை’ என்ற பெயரில் விற்கப்படும் ஐஜிஜி (வேறொரு வகை எதிர்ப்புப் புரதம்) பட்டியல் சோதனை. அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி காட்டும். அலர்ஜியைக் கண்டறிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008லேயே சொல்லிவிட்டது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல தலையணை உறை இரண்டு வாங்கலாம்.

ஆக, சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். பருப்பும் பாலும் முதலில் வரட்டும். இரண்டு நாளுக்கு ஒரு பொருள், பகல் வேளையில், முதல் தடவை பாதி அளவு. இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வேளை முழு அளவு. இது உங்களைப் போல முன்பு எதிர்வினையே வராத பெரியவர்களுக்கு மட்டும். முன்பு எப்போதாவது உதடு வீங்கியவர்கள், மூச்சு திணறியவர்கள், கரப்பான் எனப்படும் தோல்நோய் (எக்ஸிமா) உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு நிறுத்திய உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அந்தக் குழந்தைகளுக்கு நீண்ட நாள் விலக்கிவைப்பதாலேயே உண்மையான அலர்ஜி முளைப்பதுண்டு. நிறுத்திய உணவை மருத்துவமனையில் வைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தடித்தால் அதுவும் அலர்ஜியாகவே இருக்க வேண்டியதில்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை ஐஸ் சரியில்லாமல் கடற்கரையிலிருந்து மதுரை வரை வந்தால் சதையில் ஹிஸ்டமின் ஊறிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஒரே குழம்பைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் தடித்தால் குற்றவாளி அந்த மீன்தான், உங்கள் உடம்பு அல்ல.

இப்போது தும்மலுக்கு வருவோம். எழுந்தவுடன் தொடங்கி ஒன்பது மணிக்குத் தணிகிறது, மழை மாதங்களில் ஏறுகிறது, மைட் எண் 38. மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: உங்கள் படுக்கை. டஸ்ட் மைட் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள, கண்ணுக்குப் புலப்படாத உண்ணி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழும். அதனால்தான் சித்திரை வெயிலில் அடங்கி, ஐப்பசியில் பெருகுகிறது.

மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். நல்லதுதான், சூட்டிலும் வறட்சியிலும் உண்ணி சாகும். ஆனால் தும்மலைக் கிளப்புவது அதன் கழிவும் செத்த உடம்பும். அவை பஞ்சுக்குள்ளேயே கிடக்கும். ‘காயப்போட்டும் குறையவில்லையே’ என்பதற்குக் காரணம் இதுதான். விரிப்பு, போர்வை, தலையணை உறையை வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணியும் சாகும், கழிவும் கரைந்து போகும். தெர்மாமீட்டர் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். குச்சியால் அமுக்கி அரை மணி நேரம் ஊறவிடுங்கள், கையை விடாதீர்கள்.

இலவம்பஞ்சுத் தலையணை பழசாகிப் பொடியாக உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள். புதிதாக ஃபைபர் தலையணை வாங்கினால் மைட் வராது என்பது கடைக்காரர் பேச்சு, அதிலும் வரும். நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறைதான் தடுக்கும். அதுவும் தலையணை, மெத்தை இரண்டுக்கும் சேர்த்துப் போட வேண்டும், உறை மட்டும் போட்டுவிட்டு நோய் தீரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். முடிந்தால் மெத்தையை விட்டுக் கோரைப்பாய்க்கு மாறுங்கள். உண்ணி குடியிருக்க அதில் ஆழம் கிடையாது. பழைய சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பு, கட்டிலுக்கு மேலே மூட்டை கட்டிய பரண், மின்விசிறி இறக்கையில் படிந்த தூசி இவையெல்லாம் படுக்கையறையில் வேண்டாம். வறட்டு விளக்குமாறால் பெருக்கினால் படிந்திருந்தது எழும்பி அரை மணி வரை காற்றில் மிதக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது.

பூ? மல்லிகையின் மகரந்தம் கனமானது, பூச்சி சுமந்து போவது. காற்றில் பறந்து மூக்குக்குள் வருவது அரிது. வாசனை மூக்கை உறுத்தலாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திப் புகையும் அப்படித்தான் உறுத்தும், அது எந்த ஐஜிஇ சோதனையிலும் தெரியாது. நீங்களே சரிபார்க்கலாம். பூ மடியில் இருக்கும்போது தும்மல் வருகிறதா, பாயை விட்டு எழும்போது வருகிறதா? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. தொழிலை விட வேண்டியதில்லை. பூத் தொடும் விரல்கள் வெடித்து அரித்தால் மட்டும் தோல் மருத்துவரைப் பாருங்கள். பூவில் அடித்த பூச்சிமருந்தாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை உதவாது, முதுகில் ஒட்டி 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டும். வீட்டைச் சுற்றிச் சீமைக்கருவேலம் இருந்தால் அதன் மகரந்தமும் அலர்ஜி தரக்கூடியதே. அப்போது தும்மல் எழுந்த நேரத்தோடு நிற்காது, வெளியே போகும்போதும் வரும், பூக்கும் பருவத்தில் கூடும்.

மருந்தில் முதலிடம் மூக்கு ஸ்ப்ரேக்கு, ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு அழுத்தல், தினம் ஒருமுறை. நாலு நாள் அடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று தூக்கிப்போடுவதுதான் வழக்கமான தவறு. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். அடிக்கும் முறையும் முக்கியம். மூக்கைச் சிந்திவிட்டுத் தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கக் காது நுனியைப் பார்க்க வேண்டும். மெதுவாக மூச்சை இழுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். நடுத்தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும்.

தும்மலும் அரிப்பும் அடங்கும்வரை செட்டிரிசின் 10 அல்லது ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராம் இரவில் ஒன்று சேர்க்கலாம். அடைப்புக்கு இவை அவ்வளவாக உதவாது. ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. ஃபெனிரமின், சிபிஎம் (குளோர்ஃபெனிரமின்) போன்ற பழைய மாத்திரைகள் தூக்கத்தில் தள்ளிவிடும், வண்டி ஓட்டுபவர்களுக்குக் கூடவே கூடாது. இப்போது எல்லாச் சீட்டிலும் வரும் மாண்டிலூகாஸ்ட் கலவை எல்லோருக்கும் தேவைப்படாது. கெட்ட கனவு, மனச்சோர்வு, எரிச்சல் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் கட்டம் கட்டி எச்சரித்த மருந்து அது. மூக்கைச் சட்டென்று திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும்.

கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும், பெயர் எழுதாத பொட்டலத் தூளும் ஒரே நாளில் அதிசயம் செய்யும். அந்த அதிசயத்தைச் சர்க்கரையாகவும் ரத்தக்கொதிப்பாகவும் எலும்புத் தேய்மானமாகவும் பிறகு திருப்பிக் கட்ட வேண்டிவரும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காணாக்கடித் தடிப்பு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் தானாக மறையும். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்றதும் சரியானதாகத் தோன்றுவது அதனால்தான். தின்பதில் தீங்கில்லை. ஆறு வாரத்துக்கு மேல் அடிக்கடி வந்தாலும் உணவு காரணமாக இருப்பது குறைவு. தைராய்டு பார்த்துவிட்டு, தூக்கம் தராத மாத்திரையை மருத்துவர் முறையாகக் கொடுத்தால் அடங்கும். ஒரே தடிப்பு இரண்டு நாள் நின்று தழும்பாகக் கறுத்தால் அது வேறு நோய், காட்ட வேண்டும்.

தடுப்பூசி, அதாவது இம்யூனோதெரபி, மைட் அலர்ஜிக்கு வேலை செய்யும் சிகிச்சைதான். ஆனால் மூன்று முதல் ஐந்து வருடம் விடாமல் போட வேண்டும். ஸ்ப்ரேயும் படுக்கைச் சுத்தமும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் போதாவிட்டால் யோசியுங்கள். உங்கள் ரிப்போர்ட்டின் 27 பொருளையும் ஒரே குப்பியில் கலந்து தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் 30 நிமிடம் அங்கேயே உட்கார வைக்கிறார்களா, அட்ரினலின் (கடுமையான அலர்ஜியில் உயிர் காக்கும் ஊசி மருந்து) கையில் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அட்ரினலின் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதண்டு கொட்டியோ ஊசி மருந்திலோ உணவிலோ தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் சேர்ந்து வந்தால் 108க்குப் போன் போடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மயக்கம் வரும் ஆளை எழுப்பி நடக்க வைத்தாலே உயிர் போகலாம். மூச்சுதான் முட்டுகிறது என்றால் சாய்ந்து உட்காரட்டும். மருத்துவமனையில் முதலில் போட வேண்டியது தொடையின் வெளிப்பக்கச் சதையில் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தணியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி போடலாம். அரிப்புக்கும் வீக்கத்துக்கும் போடும் மற்ற ஊசிகள் உயிரைக் காப்பாற்றாது.

இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மாடிப்படி ஏறினால் இழுப்பு இருந்தால் மூக்கோடு நுரையீரலையும் காட்ட வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் தொடங்கலாம். மூக்கு ஒரு பக்கம் மட்டும் அடைத்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, வாசனையே தெரியாமல் போனாலோ அலர்ஜி என்று சும்மா இருக்காதீர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை, நெஞ்சகம், தோல் மூன்று பிரிவுகளும் உள்ளன.

ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டாம். தடுப்பூசியை யோசிக்கும் கட்டம் வந்தால் முன்கையில் செய்யும் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் போதும். மைட், கரப்பான், பூஞ்சை, புல், சீமைக்கருவேலம் என்று பத்துப் பன்னிரண்டு பொருள், 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு. அலர்ஜிப் பொருள் கலக்காத வெறும் திரவத் துளி வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். அதற்கு ஏழு நாள் முன்பே செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எல்லாமே நெகட்டிவ் என்று வரும். ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டியதில்லை. போகும்போது அந்த 27 பொருள் பட்டியலோடு, எந்த நேரம், எந்த இடம், எத்தனை தும்மல் என்று பதினாலு நாள் எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். தாளை முதலில் கொடுங்கள்.