கிரேமெஷ் கிரீம் காலையில் இளகிப்போவது ஏன்?

கிரேமெஷ் என்பது இரண்டு பஃப் பேஸ்ட்ரி தகடுகளுக்கு நடுவே பால்-முட்டை கிரீம் வைத்த ஹங்கேரிய இனிப்பு. அதன் கிரீம் இளகினால் சோள மாவைக் கூட்ட வேண்டாம், கொதிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். இரவில் கெட்டியாக இருந்த கிரேமெஷ் கிரீம் காலையில் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் கெட்டியானதுமே அடுப்பை அணைத்திருப்பீர்கள்.

முட்டை மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. நன்றாகக் கொதித்து அது செயலிழக்காவிட்டால், ஃபிரிட்ஜுக்குள்ளும் மாவுச்சத்தை மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். அரை லிட்டர் பாலுக்கு 4 மஞ்சள் கரு, 50 கிராம் சோள மாவு என்பது சரியான அளவுதான். நடுவில் குமிழ்கள் வெடிக்க ஆரம்பித்த பிறகு, விடாமல் துழாவியபடி இன்னும் 1 முதல் 2 நிமிடம் கொதிக்க விடுங்கள். மாவு இருப்பதால் முட்டை திரியாது, பயப்படாதீர்கள்.

ஒரு கரண்டி கிரீமைத் தட்டில் பரப்பி, 10 நிமிடம் குளிரவைத்து, விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொண்டால் மாவு குறைவு. நொதி அடங்கியதா என்பதை இது காட்டாது. அதற்குக் குமிழிகள்தான் அடையாளம்.

நுரைக்க அடித்த வெள்ளைக் கருவைக் கிரீம் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே கலந்துவிடுங்கள். ஆறிய பிறகு கலந்தால் கருவும் பச்சையாகவே நிற்கும், கிரீமும் நீர் விடும்.

மேல் பஃப் தகட்டை முன்பே சதுரங்களாக வெட்டி அடுக்குங்கள். முழுத் தகடாக வைத்து வெட்டினால், நல்ல கிரீமும் பக்கவாட்டில் பிதுங்கும்.