முகாமில் ஓர் அக்காவும் தம்பியும்

அன்புள்ள ஐயா,

தாரமங்கலத்தில் இருக்கிறேன். பக்கத்துப் பவளத்தானூர் இலங்கைத் தமிழர் முகாமில் எனக்குக் கல்லூரி நண்பர்கள் உண்டு. அவர்களை வைத்து எழுதிய கதையை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பனந்தோப்பை நினைத்து அழும் பாட்டி, கேட்டுக் கேட்டு ஏங்கும் பேரன். நண்பர்களிடம் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நாங்க இல்ல" என்கிறார்கள். வெளியாள் எழுதக் கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வெளியாள் தாராளமாக எழுதலாம். அந்தச் சர்ச்சையில் எனக்கு ஆர்வமில்லை, கதைக்கு வருகிறேன்.

பாட்டிக்கு ஏன் யாழ்ப்பாணம்? நம் முகாம்களில் மலையகப் பூர்வீகம், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதிப் பூர்வீகம், உள்ள குடும்பங்கள் நிறைய. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கூட்டிப் போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்படிப் போனவர்களின் பேத்தி, இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, கலவரங்களுக்குப் பயந்து வவுனியா பக்கம் குடிபோய், அங்கேயும் இருக்க முடியாமல் படகேறி, கடைசியில் இதே சேலம் மாவட்டத்தில் அகதியாகப் பதிவாகியிருக்கலாம். அவர் அழுவாரா? எனக்கென்னவோ எரிந்து விழுவார் என்றுதான் தோன்றுகிறது.

பேரனிடம் வருவோம். அவனுக்குக் கதையில் ஏக்கம் மட்டும்தான் இருக்கிறது, வேலை எதுவும் இல்லை. புலம்பெயர்ந்த குடும்பக் கதைகளில் இளைஞர்களை 'இரண்டு மண்ணுக்கு நடுவே தவிப்பவர்கள்' என்று நிறுத்திவிட்டால் எழுத்தாளருக்குச் சுலபம். உங்கள் நண்பனின் தவிப்பு அதுவாக இருக்காது. அவன் பிறந்த தேதியைக் கேளுங்கள்.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் அகதியானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. இதை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். அம்மா 1984-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். அப்பா 1990-ல் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்து, பெயிண்ட் வேலை பார்ப்பவர். அக்கா பிறந்தது 2003, தம்பி 2006. ஒரே அம்மா, ஒரே அப்பா. சட்டப்படி அக்கா இந்தியர், தம்பி இல்லை.

உங்கள் கதை இங்கேதான் இருக்கிறது. அக்கா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட நினைக்கிறாள். அதற்கு அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைத் தேடி டிரங்குப் பெட்டியைக் குடைய அப்பா விடுவாரா? 'ஒருத்திக்குக் கிடைச்சா மத்தவங்களுக்குச் சிக்கல் வரும்' என்று பயப்படுவாரா? அக்காவைவிட அதிக மதிப்பெண் எடுத்த தம்பிதான் அவளுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்துகொடுக்க வேண்டும். வீட்டில் கணினி தெரிந்தவன் அவன் ஒருவன்தானே. அப்பாவுக்கு அரசாங்கக் கடிதம் வாசித்துச் சொல்பவனும் அவன்தான். சொல்லும்போது எந்த வரியை விழுங்குவான்? இதையெல்லாம் நீங்கள் எழுதினால், நண்பர்கள் அடுத்த முறை கதையைவிட்டுவிட்டு அப்பா பக்கமா அக்கா பக்கமா என்று சண்டை போடுவார்கள்.

சரி, இன்னொன்று. தாரமங்கலத்தில் பள்ளிக்கூடம் போனவன் தெருவில் சேலத்துப் பேச்சுத்தான் பேசுவான். உங்கள் கதையில் பேருந்து நடத்துனரிடம்கூட யாழ்ப்பாணத் தமிழில் சீட்டு கேட்கிறான். அதை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள்.

திருத்தியதை அனுப்புங்கள். நீளம் கூடினால் பரவாயில்லை.