கூட்டுக்குள் போன புழுதான் பட்டாம்பூச்சியாக வருகிறதா, இல்லை அது செத்து வேறொன்று பிறக்கிறதா?

அதே புழுதான். உள்ளே மொத்தமும் கூழாகக் கரைந்துவிடும் என்று பலர் எழுதுவது பாதிதான் சரி. தசையும் குடலும் பெருமளவு சிதைந்து மறுபடி உருவாகும். ஆனால் மூச்சுக்குழாய்கள் இருக்கும், நரம்பு மண்டலமும் முழுதாக அழிவதில்லை. இறக்கைக்கான மொட்டுகளோ, புழு இலை தின்று திரியும்போதே தோலுக்கடியில் இருக்கின்றன.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நார்த்தை மரம். அதில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு எப்போதும் கிடக்கும். சின்னதாக இருக்கும்போது அசல் காக்கா எச்சம்தான், வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு போல நீட்டும், ஒரு நெடி அடிக்கும். போன ஐப்பசி மழையில் கிளையோடு ஒன்றை ஒடித்து வந்து, திண்ணையில் சொம்புத் தண்ணீரில் வைத்தேன். அது இடுப்பைச் சுற்றி ஒற்றைப் பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, தோலை உரித்துக் கூட்டுப்புழுவானது. பத்தாம் நாள் விடிகாலையில் கூடு கண்ணாடி போலாகி, உள்ளே கறுப்பும் மஞ்சளுமாக இறக்கை தெரிந்தது. பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டது. இறக்கையெல்லாம் பிழிந்த துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. அதைவிட என்னை அசர வைத்தது அதன் உறிஞ்சுகுழல். இரண்டு மயிரிழையாகப் பிரிந்திருந்ததை, சுருட்டிச் சுருட்டி நீட்டி, தானே ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் ஆறிப்போனது.

சரி, புழுவாக இருந்தது அதற்கு நினைவிருக்குமா? 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசாக மின்அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள், அந்துப்பூச்சியான பிறகும் பெரும்பாலும் அந்த வாசனையை விட்டு விலகிப் போயின. இளம் பருவத்திலேயே பழகியவற்றுக்கு அது தங்கவில்லை.

அதே உயிர்தான் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கள் வயலில் இருக்கிறது. நெல்லுக்கு வரும் குருத்துப்பூச்சி. சம்பா நடவில் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வார் அப்பா, தாய்ப்பூச்சி முட்டை வைப்பது அங்கேதான். தப்பிய புழு தண்டுக்குள் புகுந்தால் நடுக்குருத்து காயும், கதிர் வரும் சமயமென்றால் மணி பிடிக்காத வெண்கதிர். அந்தப் புழுவின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கூட்டுப்புழுவாகும் முன் அது செய்யும் வேலையைப் பாருங்கள்: தண்டின் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, மெல்லிய பட்டால் மூடி வைத்துவிட்டுத்தான் அடங்கும். வரப்போகும் அந்துப்பூச்சிக்குத் தண்டைக் கடித்துத் துளைக்கத் தாடை கிடையாது. வாசல் இல்லையென்றால் உள்ளேயே செத்துப்போகும். தாடை இருக்கும்போதே புழு அதைத் திறந்து வைத்துவிடுகிறது.

அறுப்பு முடிந்ததும் தாளைத் தரையோடு பிடுங்கி, அடிக்கணுப் பக்கம் பாருங்கள். குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக அந்த ஓட்டை கண்ணில் படும்.