ஆறு நாளில் எடுத்தால் என்ன, அறுபது நாளில் எடுத்தால் என்ன?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வாரம் ஒருநாள் நண்பர் வீட்டு மாடியில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் ஒன்று போட்டுப் பார்ப்போம். கொலைக் கதை அல்லது பேய்க் கதை. எல்லாம் சில்லறைக் காசில் எடுத்தவை. பார்த்து முடித்ததும் சண்டைதான். இரண்டு பேருக்கு எல்லாப் படமும் 'செம காமெடி'. மூன்று பேருக்கு எல்லாப் படமும் 'காவியம்'. மீதிப் பேர், 'ஆறு நாளில் எடுத்த படத்தில் போய்க் குறை கண்டுபிடிக்கலாமா?' என்கிறார்கள். குறைந்த செலவுப் படத்துக்கு அளவுகோல் வேறா? எந்தக் கட்சி சரி?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: மூன்று கட்சியுமே படத்தைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. ஒரு கட்சி சிரிக்க வந்தது, ஒன்று கும்பிட வந்தது, ஒன்று கணக்குப் பார்க்க வந்தது. பழைய உத்தியோகம் லேசில் விடாது போலிருக்கிறது.

அந்த ஆறு நாள் சமாசாரத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நீங்கள் பார்த்தது 'டீடூர்' என்று ஊகிக்கிறேன். 1945-இல் பி.ஆர்.சி. என்ற ஏழைக் கம்பெனிக்காக எட்கர் உல்மர் எடுத்த படம். ஆறே நாளில் முடித்தேன் என்று பின்னாளில் பேட்டி கொடுத்தவர் அவரேதான். அப்புறம் பழைய காகிதங்களைக் கிளறியவர்கள், நாளும் அதைவிட அதிகம், பணமும் சொன்னதைவிட அதிகம் என்று எடுத்துப் போட்டார்கள். இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்? ஆறு நாள் என்று நம்பிப் போட்ட மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லையே.

வீட்டில் பருப்பு தீர்ந்துபோன நாளில் வைத்த ரசம் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வோம். வாயில் வைக்க முடியவில்லை என்றால், பருப்பு இல்லை என்ற காரணத்தைக் கேட்டுக்கொள்ளலாம், ருசி வந்துவிடாது. அளவுகோல் ஒன்றுதான். ஆனால் காசு தீர்ந்த இடத்தில் எடுத்தவர் என்ன செய்தார் என்று கவனித்துப் பார்க்க வேண்டும். இந்தப் படங்களில் விஷயம் இருப்பது அங்கேதான்.

அதே 'டீடூரில்' பாருங்கள். நியூயார்க் தெருவை செட் போட வசதியில்லை. உல்மர் மூடுபனியை அவிழ்த்துவிட்டார். கதாநாயகனும் காதலியும் நடந்து போகிறார்கள். விளக்குக் கம்பமும் தெருப்பெயர்ப் பலகையும் மட்டும் பனியில் தெரிகின்றன. கஞ்சத்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையை நமக்குச் சொல்கிறவன் எப்படிப்பட்டவன்? நடந்ததையெல்லாம் தனக்குத் தோதாக வளைத்துச் சொல்கிறானோ என்று கடைசிவரை சந்தேகப்பட வைக்கிற ஆசாமி. அவன் ஞாபகத்தில் நியூயார்க் அப்படித்தான் புகைமூட்டமாக இருக்கும். காசில்லாதது கதைக்கே உபயோகமாகிவிட்டது.

இன்னொரு இடம். அவன் லிஃப்ட் கேட்டு மேற்கே போகிற காட்சியில் ஃபிலிமை இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கர்கள் உடனே கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். நம் ஊரில் ஸ்டீயரிங் அந்தப் பக்கம்தான் என்பதால் உங்கள் காமெடிக் கட்சி இதைக் கோட்டைவிட்டிருக்கும். இது சும்மா ஒப்பேற்றிய வேலை. காவியக் கட்சி இதற்கும் ஓர் உட்பொருள் சொல்லும், காது கொடுக்காதீர்கள்.

இத்தகைய படங்கள் ஏன் பிறந்தன என்பது தெரிந்தால் சண்டை பாதி குறையும். அன்றைய அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. கூட வரும் சின்னப் படத்துக்குக் குறிப்பிட்ட வாடகை மட்டும். சின்னப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாடகை ஒரு டாலர்கூட ஏறாது. அதனால் செலவை நசுக்கிப் பிடித்தார்கள். அதே காரணத்தால், சொன்ன தொகைக்குள் சொன்ன நீளத்தில் கொடுத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலாளிகள் ரொம்பக் குடையவில்லை.

இந்த அலட்சியத்தை வால் லூட்டனைப்போல் பயன்படுத்திக்கொண்டவர் குறைவு. 1942-இல் ஆர்.கே.ஓ. கம்பெனி அவரைப் பேய்ப்படப் பிரிவுக்குத் தயாரிப்பாளராக வைத்தது. நிபந்தனைகள்: செலவு ஒன்றரை லட்சம் டாலருக்குள், நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பு ஆபீஸிலிருந்து வரும். முதலில் வந்த தலைப்பு 'கேட் பீப்பிள்'. பூனை மனிதர்கள்! வேறு யாராவது என்றால் ஒரு நடிகருக்கு மயிர் ஒட்டி உறுமவிட்டிருப்பார்கள். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் நிழலையும் காலடிச் சத்தத்தையும் வைத்தே மிரட்டினார்கள். இரவில் பூங்கா ஓரமாக ஒருத்தி நடக்கிறாள், பின்னால் இன்னொரு காலடி. சட்டென்று அந்தக் காலடி நின்றுவிடுகிறது. அந்த நிசப்தத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். அதற்கப்புறம் இப்படித் தூக்கிவாரிப் போடும் இடங்களுக்கெல்லாம் லூட்டன் கோஷ்டி 'பஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்டது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதே கூட்டணி 1943-இல் எடுத்த 'தி லெபர்ட் மேன்'. நியூ மெக்ஸிகோவில் ஒரு சின்ன ஊர். விளம்பரத்துக்காகக் கொண்டுவந்த சிறுத்தை ஒன்று தப்பி ஓடிவிட்டது. ஒரு ஏழை வீட்டில் அம்மா, மகளைச் சோள மாவு வாங்கிவரச் சொல்கிறாள். இருட்டு, பயமாக இருக்கிறது என்கிறாள் பெண். மாவு இல்லாமல் வாசல்படி ஏறாதே என்று அம்மா கதவைச் சாத்திவிடுகிறாள். பக்கத்துக் கடை மூடியிருக்கிறது. தூரத்துக் கடைக்குப் போய்த் திரும்ப ரயில் பாலத்தடியில் வரவேண்டும். அங்கே இருட்டில் இரண்டு கண். தலைக்கு மேல் ரயில் தடதடத்து ஓடுகிறது. பெண் ஓடுகிறாள்.

இந்த இடத்தில் படம் அவளை வெளியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. திறம்மா, திறம்மா என்று கதவைத் தட்டுகிறாள். அம்மா, வரட்டும் வரட்டும் என்று நிதானமாக இருக்கிறாள். அலறல் மாறுகிற மாற்றத்தில்தான் அவளுக்கு உறைக்கிறது. ஓடிவந்து தாழ்ப்பாளை இழுக்கிறாள், அது இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சத்தம் ஓய்கிறது. கதவின் அடியிலிருந்து, தரையின் பிளவு வழியே, கறுப்பாக ஏதோ ஊர்ந்து உள்ளே வருகிறது.

சிறுத்தை பாய்வதைக் காட்டியிருந்தால் அது வெறும் மிருகக் கதை. காட்டாததால் அந்த அம்மாவின் கதை ஆகிவிட்டது. உங்கள் மாடியில் இதைப் போட்டு, காமெடிக் கட்சி சிரிக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். காவியக் கட்சிக்கும் ஒரு செய்தி உண்டு: இதே படத்தில் அப்புறம் விழுகிற கொலைகளுக்குக் குற்றவாளி யார் என்று தெரிகிற கடைசிப் பகுதி சப்பென்று இருக்கும். அதையும் சேர்த்துச் சொல்லத் தைரியம் வேண்டும்.

சிரிப்பே கூடாதா என்றால், தாராளமாகச் சிரிக்கலாம். இயக்குநர் எட் வுட்டின் 'பிளான் 9' படத்தில், நடிகர் பேலா லுகோஸி இறப்பதற்கு முன் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த சில காட்சிகளைச் சேர்த்துவிட்டு, மீதிக்கு வேறொருவரை முகத்தை அங்கியால் மூடிக்கொண்டு நடமாட விட்டார்கள். அதற்குச் சிரிக்காதவன் மனிதனே இல்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதை உங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்: பார்த்தது எந்தப் பிரதி? ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-இல் வந்தபோது, தலைப்பை மாற்றிய அவசரத்தில் காப்புரிமை அறிவிப்பைப் போட விட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்றாகி, நகலுக்கு நகல், அதற்கொரு நகல் என்று போய், இருட்டுக் காட்சியெல்லாம் தார்ச்சட்டியானது. 2016-இல் மூல நெகடிவிலிருந்து புதுப்பித்த பிரதி வந்த பிறகுதான், ஒளிப்பதிவு மோசம் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். 'டீடூர்' 2018-இல் புதுப்பிக்கப்பட்டது. நீங்கள் எதைப் போட்டீர்கள்? இலவசமாகக் கிடைத்த மங்கல் பிரதியாக இருந்தால், அந்த வாரச் சண்டை செல்லாது. மறுபடி நல்ல பிரதி போட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்த வாரம் 'தி லெபர்ட் மேன்'. 66 நிமிடம்தான். அது முடிகிறவரை காபி கொண்டுவருகிறேன் என்று யாரும் மாடிக் கதவைத் தட்ட வேண்டாம் என்று கீழே சொல்லிவையுங்கள்.