அழிக்க முடியாத வீடியோவுக்கு ஃபோர்மட் எதற்கு?

கேள்வி: மகளின் சாமத்தியவீட்டு வீடியோ எங்கள் கொம்பியூட்டரில் இரண்டு தரம் ஏறிவிட்டது. ஒன்றை அழிக்கப் போனால், வேறொரு மென்பொருளில் திறந்திருப்பதாகச் சொல்கிறது. நான் எதையும் திறக்கவில்லை. அதே ஃபோல்டரில் சில படங்களின் பெயரையும் மாற்ற முடியவில்லை. வைரஸ் பிடித்துவிட்டது, ஃபோர்மட் பண்ண வேண்டும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: கொடுக்காதீர்கள். ஃபோர்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவது. நீங்கள் சொல்வதில் வைரஸுக்கான அறிகுறி எதுவும் இல்லை.

நீங்கள் திறக்காவிட்டாலும் வின்டோஸ் திறந்திருக்கும். ஃபோல்டரின் வலப்பக்கத்தில் முன்னோட்டப் பகுதி திறந்திருந்தால், வீடியோவின் மேல் ஒருமுறை கிளிக் செய்தாலே, முன்னோட்டம் காட்டுவதற்காக அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படித் திறந்திருந்தால், ஆல்ட் விசையை அழுத்தியபடி பி விசையைத் தட்ட அது மூடிவிடும். பிறகு அழித்துப் பாருங்கள். முடியாவிட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் வேண்டாம். வின்டோஸ் 8 வந்த நாளிலிருந்து ஷட்டவுன் பல கொம்பியூட்டர்களில் முழுதாக நிறுத்துவதில்லை, ஒரு பகுதியை உறங்க வைத்துவிட்டு அடுத்த தரம் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் செய்ததும், வேறு எதையும் திறக்காமல் முதல் வேலையாக அழியுங்கள். பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும்.

எந்த மென்பொருள் பிடித்திருக்கிறது என்பது வின்டோஸுக்குத் தெரியும். வின்டோஸோடு கூடவே வரும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் உள்ள தேடும் பெட்டியில் கோப்பின் பெயரை அடித்தால் காட்டுகிறது. அதை அந்தச் செய்தியிலேயே பெயரோடு சொல்லியிருந்தால் இத்தனை பேர் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இத்தனை வருடமாகியும் பல தடவை ‘வேறொரு மென்பொருள்’ என்று மொட்டையாகச் சொல்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெயர் மாறாத படங்களின் கதை வேறு. வெளி ஃபோல்டரிலிருந்து படத்தின் பெயர் வரை எல்லாம் சேர்த்து 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வின்டோஸின் பழைய விதி. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் இடிக்கும். ‘சாமத்தியவீடு’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. வின்டோஸ் குற்றையும் விசிறியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பன்னிரண்டு. ஸ்ரூடியோக்காரர் பிள்ளையின் முழுப்பெயர், திகதி, மண்டபம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்திருந்தால் 260 எந்த மூலைக்கு? படத்தைத் தொடாமல், ஆக வெளியே இருக்கும் ஃபோல்டரின் பெயரை ‘வீடு’ என்று சுருக்குங்கள். அடுத்து அதற்குள்ளே இருப்பதை. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். அப்புறம் படத்தின் பெயர் மாறும்.

பூட்டுடைக்கும் மென்பொருள் இலவசம் என்று கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். வைரஸ் அந்த வழியாகவும் வரும். மைக்ரோசொஃப்ட்டின் பவர்டோய்ஸ் என்ற கருவித் தொகுப்பில், கோப்பை எது பிடித்திருக்கிறது என்று காட்டுவதற்கென்றே ஃபைல் லொக்ஸ்மித் இருக்கிறது, காசு இல்லை.

கொடிகாமத்திலிருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். அழியாத ஒரு கோப்புக்காக எங்கேயோ ஃபோர்மட் செய்து கொடுத்திருக்கிறார்கள். காலமான தகப்பனின் குரல் பதிவு அதில்தான் இருந்தது. என்னால் மீட்க முடியவில்லை. அவர் கதிரையிலிருந்து எழும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது ஃபோர்மட்தான் வழி என்று நின்றால், முதலில் எல்லாவற்றையும் வேறொரு ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீடியோவைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.