கடலைப் பாராமல் வரைந்த கடல் அசலாகுமா?

கேள்வி: அலையடங்கிய கடலும் கரையோரத் தென்னைகளும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதைத் தம் வீட்டிலிருந்தபடி நினைவிலிருந்தே தீட்டியதாக ஓவியர் சொன்னார். கடற்கரையில் அமர்ந்து வரையாதது அசல் ஓவியம் ஆகாது என்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரியா? உப்புக்காற்று வீசும் எங்கள் வீட்டில் அதை எப்படிப் பாதுகாப்பது?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உங்கள் மைத்துனரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஓவியர் தம் கையால் கித்தானில் தீட்டியதா, அச்சிட்ட படியா என்பதை வைத்தே அசல் என்ற சொல்லை வழங்குகிறோம். அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதற்கு அதில் இடமில்லை.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் சான்று ஓவியர் கமீல் பிசாரோ. கரீபியன் கடலில், அக்காலத்தில் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செயின்ட் தாமஸ் தீவில் 1830இல் பிறந்த அவர், 1855இல் பாரிசுக்குச் சென்று, அடுத்த ஆண்டே, தம் தீவின் கடலோரத்தில் இரு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அலையற்ற விரிகுடா, அப்பால் குன்று, வெயிலில் வெளுத்த மண்பாதை ஆகிய அனைத்தும் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து நினைவுகூரப்பட்டவை. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள அந்தச் சிறிய ஓவியத்தின் அகலம் சுமார் 41 சென்டிமீட்டர்தான். வெளியிடத்தில் அமர்ந்து வரைவதைப் பிற்காலத்தில் உறுதியாகப் போற்றிய ஓவியரே தம் பிறந்த மண்ணின் கடலை இவ்வாறு வரைந்திருக்கிறார் என்பதை மைத்துனரிடம் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அமைதியான கடலுக்கு நினைவு நல்ல துணை. கரையில் நிற்கும்போது கணத்துக்குக் கணம் மாறும் ஒளி, மனத்தில் ஒரே நிறமாகத் தெளிந்துவிடுகிறது.

கைவேலைதானா என்று அறிய, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை ஓவியத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். தூரிகையின் தடங்கள் மேடும் பள்ளமுமாக, வரைந்த உருவத்தின் போக்கிலேயே செல்ல வேண்டும். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. அச்சின் மேல் தெளிவான பசையைத் தடவித் தூரிகைத் தடம்போலக் காட்டுவதும் உண்டு என்பதால், இரண்டு சோதனைகளையும் செய்வது நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எண்ணெய் வண்ணம் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதில் நிறப்பொடியோடு கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நாட்களிலோ வாரங்களிலோ வந்துவிடும் என்றாலும், உள்ளே இறுக மாதங்கள் ஆகும். ஆகவே கடைசி வார்னிஷைப் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பது மரபு. உங்கள் ஓவியத்துக்கு அது பூசப்பட்டுவிட்டதா என்று ஓவியரிடமே கேளுங்கள். உப்புப் படிவு ஈரத்தை ஈர்க்கும். கித்தானோ ஈரத்துக்கேற்ப இளகியும் விறைத்தும் மேலுள்ள வண்ணத்தில் வெடிப்பை உண்டாக்கும். எனவே மழை நனைக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து, உட்சுவரில், பின்புறம் காற்றோட இடம்விட்டு, நேர்வெயில் படாமல் மாட்டுங்கள். அதற்காகத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டிவிட வேண்டாம்; இருட்டில் கிடக்கும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளித்து, கடலின் வெளிர்நீலத்தைப் பச்சையாக்கிவிடும். ஈரத்துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். தூசி படிந்தால், வண்ணம் நன்கு இறுகியிருக்கும் பட்சத்தில், மென்மயிர்த் தூரிகையால் லேசாகத் தட்டிவிட்டாலே போதும்.