செம்மண் கொல்லைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு?

கேள்வி: பண்ருட்டிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை வாங்கியிருக்கிறோம். பழைய முந்திரி மரங்களில் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டன. அவற்றை எடுத்துவிட்டு ஒன்றரை ஏக்கரில் ஒட்டு முந்திரியும் பலாவும், மீதி அரை ஏக்கரில் காட்டு மரங்களும் வைக்க ஆசை. மண் பரிசோதனையில் பி.எச். (ஏழுக்குக் கீழே குறையக் குறைய மண்ணில் புளிப்பு அதிகம்) 5.1, இ.சி. (கரைந்த உப்பின் அளவு) 0.05, அங்ககக் கரிமம் 0.32 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவு என்று வந்திருக்கிறது. உரக்கடையில் ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர், முந்திரி வைத்த மண்ணுக்குச் சுண்ணாம்பே ஆகாது என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒரு டன் வேண்டாம். பலாக்குழிக்கு 650 கிராம், முந்திரிக்குழிக்கு 150 கிராம் போதும். காட்டு மரங்களுக்கு ஒரு பிடிகூடத் தேவையில்லை. சுண்ணாம்பைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. பட்ட மரங்களின் வேரைத் தோண்ட இயந்திரம் இறங்கும்போது, உங்கள் மேல் அரையடி மண் அடியில் போய்விடக் கூடாது.

காரணம் அந்த மண்ணின் பிறப்பில் இருக்கிறது. கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் மேடுகளுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாய் உறைந்து கிடக்கும் மரங்களும் இதே பாறை அடுக்கைச் சேர்ந்தவைதான். இந்த மணற்கல் மக்கி உதிர்ந்து வந்த மண்ணில் மணல் மிகுதி. உள்ள கொஞ்சம் களியும் கயோலினைட் வகை. அது கரிசல் களியைப் போலச் சத்தைப் பிடித்து வைக்காது. பல்லாயிரம் ஆண்டு மழை சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து மூன்றையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை இரும்பும் அலுமினியமும். சிவப்பு நிறம் இரும்பினால், புளிப்பு பெரும்பாலும் அலுமினியத்தால். இ.சி. 0.05 என்பது உப்பில்லாத நல்ல மண் என்பதோடு, சத்தும் அதிகமில்லை என்பதையும் காட்டுகிறது.

ஆனால் ஆழம் உண்டு, வடிகால் உண்டு. முந்திரியும் பலாவும் இங்கே செழித்ததற்கு அதுதான் காரணம். சத்தின் இருப்போ சருகு விழுந்து மக்கிய மேல் அரையடியில் மட்டும்தான். மண்வெட்டியால் இரண்டடி வெட்டிப் பாருங்கள்: மேலே சற்றுக் கறுத்த சிவப்பு, கீழே பளிச்சென்ற செந்நிறம். கீழே உள்ளது பார்க்க அழகாக இருக்கும், பயிருக்கு வெறும் தாங்குமண். செம்மண்ணை லாரிக் கணக்கில் விற்றுவிட்டு மிஞ்சிய பள்ளத்தில் கன்று வைப்பவர்கள் எத்தனை உரம் கொட்டியும் மீளாததும் இதனால்தான். மேல் மண்ணை விலை பேச யார் வந்தாலும் சம்மதிக்காதீர்கள்.

அடிமரங்களை எடுக்கத்தான் வேண்டும். முந்திரியில் தண்டு, வேர் துளைப்பான் புழு பட்ட கட்டைக்குள் தங்கிப் பக்கத்துக் கன்றுக்குத் தாவும். ஜேசிபி ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கட்டையைச் சுற்றி மேல் மண்ணை வழித்து ஒரு பக்கம், தோண்டிய அடி மண் மறுபக்கம். மூடும்போது அடி மண் முதலில், மேல் மண் கடைசியில். நிலம் முழுக்க மட்டம் செய்கிறேன் என்று அவர் ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். எடுத்த கட்டையைத் தோப்பிலேயே குவித்து வைக்காமல் உடனே வெளியே அனுப்புங்கள்.

இப்போது சுண்ணாம்புக் கணக்கு. ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறத்தாழ 900 டன் எடை. இப்படிப்பட்ட மணற்பாங்கான மண்ணில் பி.எச். 5.1-ஐ 5.7 அளவுக்கு உயர்த்த, ஏக்கருக்கு 400 கிலோ நல்ல சுண்ணாம்புக்கல் தூள் போதும். 5.5-ஐத் தாண்டினாலே அலுமினியம் கரைவது பெரும்பாலும் நின்றுவிடும், வேர்நுனி பழுத்துக் கட்டையாகிப் போவதும் நிற்கும். அதற்கு மேல் ஏற்றுவதில் பலாவுக்கோ முந்திரிக்கோ பெரிய லாபம் இல்லை. முந்திரி 5-க்கும் தாக்குப்பிடிக்கும், பலா 5.5-க்கு மேல் இருந்தால் சுகமாக இருக்கும். ஒரு டன்னை அப்படியே இறைத்தால் என்ன ஆகும்? களி மண் அந்த அளவைத் தாங்கிக்கொள்ளும், மணல் மண் தாங்காது. பி.எச். ஏழை நெருங்கி, துத்தநாகமும் போரானும் மாங்கனீசும் வேருக்குக் கிடைக்காமல் போகும். இளந்தளிர் சிறுத்து வெளுக்கும். அதைச் சத்துக்குறை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள்.

அதே விகிதத்தைக் குழிக்குப் பிரித்துப் பாருங்கள். பலாவுக்கு ஒரு மீட்டர் நீள அகல ஆழக் குழி என்றால் அதில் ஒன்றரை டன் மண், 650 கிராம் சுண்ணாம்பு. ஒட்டு முந்திரிக்கு இரண்டடிக் குழி என்றால் 320 கிலோ மண், 150 கிராம். "குழிக்கு அஞ்சு கிலோ போடு" என்பது வழக்கத்தில் உள்ள ஆலோசனை. பலாக்குழியில் ஐந்து கிலோ என்பது ஏக்கருக்கு மூன்று டன் போட்டதற்குச் சமம். கன்று அந்தக் குழிக்குள் மட்டும் வேர் விட்டு, வெளி மண்ணுக்குள் போகத் தயங்கும்.

வாங்கும்போது பொருளைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூளோ, மக்னீசியமும் கலந்த டோலமைட் கல் தூளோ நல்லது. உங்கள் மண்ணில் மக்னீசியமும் கரைந்து போயிருக்கும் என்பதால் டோலமைட்டுக்கே முதலிடம். தூள் மாவு போல இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் பகுதிதான் ஓராண்டுக்குள் வேலை செய்யும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குருணை வெறும் கல். நீற்றுச் சுண்ணாம்பு மட்டும் கிடைத்தால் அளவை முக்கால் பங்காகக் குறையுங்கள், கண்ணிலும் கையிலும் படாமல் பாருங்கள். விறகுச் சாம்பல் போடும் வழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு கிலோ சாம்பல் ஏறத்தாழ ஒரு கிலோ சுண்ணாம்பின் வேலையைச் செய்யும், சாம்பல் சத்தும் தரும்.

ஜிப்சத்தைச் சுண்ணாம்புக்கு மாற்றாக விற்பார்கள். அது பி.எச்.-ஐ உயர்த்தாது. ஆனால் இந்த மண்ணில் அதற்கு வேறொரு நல்ல வேலை உண்டு. சுண்ணாம்பு, போட்ட இடத்தைவிட்டு அதிகம் இறங்காது; ஜிப்சம் மழையோடு கீழே இறங்கி அடிமண்ணில் கால்சியத்தைச் சேர்க்கும். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) ஏக்கருக்கு 160 கிலோ போடுவது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அளவு. மரத்துக்கு, கன்று ஊன்றிய இரண்டாம் ஆண்டு, தண்டிலிருந்து ஆறடி தூரம் வரை சுற்றிலும் அரை கிலோ தூவினால் போதும். அதற்கு மேல் போனால் சாம்பல் சத்தையும் மக்னீசியத்தையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

நடுவதற்கு முன் வடிகாலைச் சோதியுங்கள். மணற்கல் மண் என்றால் தண்ணீர் தானாக வடியும் என்று நம்பிவிட முடியாது. இந்த மேடுகளில் சில இடங்களில் மூன்று நாலு அடியில் செம்புறாங்கல்லோ களி அடுக்கோ குறுக்கே கிடக்கும். நிலத்தின் மூன்று இடங்களில் இரண்டடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று குச்சியால் அளங்கள். இரண்டு முதல் ஆறு அங்குலம் நல்ல அறிகுறி. அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே பலா வேண்டாம், ஐப்பசி அடைமழையில் வேர் அழுகும். பத்து அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த மூலைக்குத் தொழு உரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

வேலைகளின் வரிசை இது. குழியை வைகாசியில் வெட்டி வெயிலில் ஆறப்போடுங்கள். ஆடி மழைக்கு முன் சுண்ணாம்பை மேல் மண்ணோடு கலந்து மூடுங்கள். மூன்று வாரம் கழித்து, பலாவுக்கு இருபது கிலோ, முந்திரிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரத்தோடு அரை கிலோ வேப்பம்புண்ணாக்கு. கறையானுக்காகப் புண்ணாக்கு கட்டாயம் வேண்டும். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். நடவு ஆவணி, புரட்டாசியில். பலாவுக்கு எட்டு மீட்டர், முந்திரிக்கு ஏழு மீட்டர் இடைவெளி.

கன்றின் வேரைக் கவனியுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியின் முந்திரியும் பலாவும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததை ஊர் மறக்காது. பையில் நெடுநாள் இருந்து சுருண்ட ஆணிவேர், எவ்வளவு ஆழமான மண் கிடைத்தாலும் நேராக இறங்காது. பையைக் கிழித்து, அடியில் வளையமாகச் சுற்றிய வேரைக் கூர்மையான கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். இரண்டு வயதுக் கன்று வேண்டாம், ஒரு வயதுக்குள் இருப்பதை வாங்குங்கள்.

உரத்தில் கவனிக்க வேண்டியவை இவை. அமோனியம் சல்பேட் 50 கிலோ மூட்டை தரும் புளிப்பைச் சமன்செய்ய 55 கிலோ சுண்ணாம்பு வரை வேண்டும். யூரியா 45 கிலோ மூட்டைக்கு 38 கிலோ வரை. முதலாவதைத் தவிருங்கள். பொட்டாஷை ஒரே தடவையில் கொட்டாமல் ஆண்டுக்கு நாலு தவணையாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஒரு கனமழை அதைக் கீழே கொண்டுபோய்விடும். மணிச்சத்துக்கு, சுண்ணாம்பு போட்ட குழியில் சூப்பர் பாஸ்பேட்.

அரை ஏக்கர் காட்டுக்குச் சுண்ணாம்பும் வேண்டாம், சூப்பர் பாஸ்பேட்டும் வேண்டாம். குழிக்கு இரண்டு பிடி பாறை பாஸ்பேட் போடுங்கள். மண்ணின் புளிப்பே அதைக் கரைத்துத் தரும், சுண்ணாம்பு சேர்த்தால் அந்தக் கரைப்பு தடைப்படும். வீரை, காசான், பாலை, மகிழம், நாவல் எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்த மரங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கோயில் காடுகளில் அவற்றைப் பார்க்கலாம். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது மழை அரித்து மொட்டையாகக் கிடந்த செம்மண் மேட்டில், வரப்புப் போட்டு மழைநீரைத் தேக்கித்தான் காடு எழுப்பினார்கள். நீங்களும் சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி உயர வரப்பு போட்டுவிட்டு நடுங்கள். முந்திரிச் சருகைக் கொட்டை பொறுக்கும் காலத்தில் கூட்டிக் கொளுத்தாமல் இந்தப் பக்கம் நாலு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டிலிருந்து ஓரடி தள்ளி.

சொட்டுநீருக்கு ஆழ்துளைத் தண்ணீர் என்றால், அதிலுள்ள பைகார்பனேட்டை ஒரு தடவை பரிசோதியுங்கள். அது அதிகமாக இருந்தால் தண்ணீரே ஆண்டுதோறும் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் மறுபடி போட வேண்டிய தேவை வராது. இரண்டு ஆண்டு கழித்து, உரம் விழாத இடத்தில் ஓரடி, மூன்றடி ஆழத்தில் தனித்தனி மாதிரி எடுத்துப் பாருங்கள். மூன்றடி மண் 5-க்குக் கீழே இருந்தால் ஜிப்சத்தை இன்னொரு தடவை போடலாம்.